முதல் பாதி காதுக்கு, மறுபாதி காலுக்கு: ஸ்வாஹிலி டான்சி இசையைக் கேட்கவும் ஆடவும் ஒரு வழிகாட்டி

தான்சானியா, கென்யா நாடுகளின் ஸ்வாஹிலி மொழி இசைக்குழுப் பாடல்களைப் புதிதாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தவறவிடுகிறார்கள். பாட்டு மெதுவாகத் தொடங்கும். இரண்டு சரணம் வரும், பல்லவி வரும். நன்றாகத்தான் இருக்கிறது என்று தலையசைத்துவிட்டு மூன்றாவது நிமிடத்தில் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார்கள். ஆட்டம் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

இந்தப் பாடல்கள் இரண்டு பாதிகளாகக் கட்டப்பட்டவை. முதல் பாதியில் காதலைப் பற்றிய பேச்சு நடக்கும். அதில் முறையீடு, கெஞ்சல், புத்திமதி எல்லாம் உண்டு. இரண்டாம் பாதியில் சொற்கள் ஒதுங்கிக் கொள்ள, கிடார்கள் முன்னே வரும், கூட்டம் ஆடும். இரண்டும் சேரும் இடத்தைக் காதால் பிடிக்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். கீழே உள்ளது முக்கியமாக டான்சி எனப்படும் இந்த இசைக்குழு இசை பற்றியது. இதே பகுதியின் வேறு வகைகளான பெங்கா, தாரப், சகாச்சா ஆகியவற்றுக்குத் தேவையான அளவு பின்னால் இடம் கொடுத்திருக்கிறோம்.

எதைத் தேடுவது

'முசிகி வா டான்சி' என்றால் ஆடுவதற்கான இசை. 1930, 40களில் கியூபா இசைத்தட்டுகள் ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கு வந்து சேர்ந்தன. அவற்றைக் கேட்டு கொங்கோவில் ரும்பா என்ற ஆட்ட இசை வளர்ந்தது. தான்சானியாவின் துறைமுக நகரான தார் எஸ் சலாமில் 1932லேயே 'தார் எஸ் சலாம் ஜாஸ் பேண்ட்' இருந்தது. 1960, 70களில் கொங்கோ இசைக்கலைஞர்கள் பலர் நைரோபிக்கும் தார் எஸ் சலாமுக்கும் குடிபெயர்ந்தார்கள். உள்ளூர்க் குழுக்களும் வந்தவர்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டு வளர்ந்ததுதான் இன்று நாம் கேட்கும் டான்சி.

தேடும்போது இரண்டு சிக்கல்கள் வரும். முதலாவது 'ஜாஸ்' என்ற பெயர். மொரோகோரோ ஜாஸ், ஷிராட்டி ஜாஸ், நூட்டா ஜாஸ் என்று குழுக்களின் பெயரில் ஜாஸ் ஒட்டியிருக்கும். அமெரிக்க ஜாஸுக்கும் இவர்களுக்கும் நேரடி உறவு இல்லை. அந்தக் காலத்தில் நவீனக் கருவிகள் வைத்திருந்த குழு என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். இரண்டாவது, ஒரே குழு பல பெயர்களில் இருக்கும். 1964இல் தொழிற்சங்கத்தின் ஆதரவில் தொடங்கிய நூட்டா ஜாஸ் பிறகு ஜுவாட்டா ஆனது, ஒட்டு ஆனது, கடைசியில் ம்சோண்டோ ங்கோமா ஆனது. நான்கு பெயரையும் தேடினால்தான் முழுக் கையிருப்பும் கிடைக்கும். வன்யிகா என்ற பெயர் கொண்ட குழுக்களும் இப்படித்தான். தான்சானியாவின் டாங்கா நகரிலிருந்து 1971இல் கென்யாவுக்குப் போன கின்யோங்கா சகோதரர்கள் தொடங்கியது சிம்பா வன்யிகா. அதிலிருந்து 1978இல் பிரிந்தது லெ வன்யிகா. இன்னும் சில வன்யிகாக்களும் உண்டு.

எதிலிருந்து தொடங்கலாம் என்றால், லெ வன்யிகாவிலிருந்து என்று தயங்காமல் சொல்வோம். கருவிகள் குறைவு, ஒவ்வொன்றும் தெளிவாகத் தனித்துக் கேட்கும், ஸ்வாஹிலி உச்சரிப்பும் சுத்தம். அடுத்து 1978இல் தொடங்கிய ம்லிமானி பார்க் இசைக்குழு. டிரம்பெட், சாக்சபோன் வரிசையோடு வரும் முழு டான்சியை அங்கே கேட்கலாம். மூன்றாவதாக மொரோகோரோ நகரின் ம்பராகா ம்வின்ஷேஹே. 1979இல் ஒரு சாலை விபத்தில் இறந்துபோன அவருடைய கிடார் இன்றும் பலருக்குப் பாடம். பழைய பதிவுகளின் இரைச்சல் தொந்தரவாக இருந்தால், ரெம்மி ஓங்காலாவும் அவருடைய சூப்பர் மட்டிமிலா குழுவும் 1980களின் இறுதியில் பிரிட்டனின் ரியல் வேர்ல்ட் நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகளைக் கேளுங்கள். ஒலி மிகவும் துலக்கமாக இருக்கும்.

பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது

முகப்பில் கிடாரோ ஊதுகருவிகளோ ஒரு சிறு மெட்டை வாசிக்கும். பிறகு தனிக்குரலில் சரணம். அதன்பின் இரண்டு மூன்று குரல்கள் இணைந்து பாடும் 'கீட்டிகியோ', அதாவது பல்லவி. நடுவே ஊதுகருவிகள் ஒரு சுற்று. மறுபடியும் சரணம், பல்லவி. பிறகு அந்தச் சேர்விடம்.

அதை எப்படி அடையாளம் காண்பது? டிரம் ஒரு சிறு உருட்டு உருட்டும், அல்லது எல்லாக் கருவிகளும் ஒரு கணம் நிற்கும். ரிதம் கிடார் அதுவரை வாசித்த உருவை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுரத்துணுக்கை, விட்டுவிட்டுச் சிறிய புது உருவைப் பிடித்துக்கொள்ளும். தும்பா மேளங்கள் தூக்கலாகக் கேட்கும். பாடகர் நீண்ட வரிகளை விட்டுவிட்டு ஒற்றைச் சொற்களையும் பெயர்களையும் கூவத் தொடங்குவார். இந்த இரண்டாம் பாதியைத் தான்சானியாவில் 'செம்கோ' என்பார்கள், கொதிநிலை என்ற பொருளில். கொங்கோக்காரர்களுக்கு அது 'செபெனே'.

செம்கோவில் தாளத்தின் வேகம் கொஞ்சம்தான் ஏறும். சில பாடல்களில் ஏறவே ஏறாது. நெருங்கி வருவது கிடார் சுரங்கள்தான். ஒரு தாள அடிக்கு இரண்டு சுரம் வாசித்த இடத்தில் நான்கு வாசிப்பார்கள். அதனால் வேகம் இரட்டித்ததுபோலத் தோன்றும். புதியவர்கள் கிடாரைத் துரத்திக்கொண்டு காலை ஓட்டி இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தப் பாடல்களில் ஏராளமானவை நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் சிறிய இசைத்தட்டில் வந்தவை. ஒரு பக்கத்தில் சில நிமிடங்களே கொள்ளும் என்பதால் பாட்டை இரண்டாக வெட்டி, முதல் பாகத்தை ஒரு பக்கத்திலும் இரண்டாம் பாகத்தை மறுபக்கத்திலும் வைத்தார்கள். இணையத்தில் ஏற்றியவர் ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது பாதிப் பாட்டுதான். மூன்று, நான்கு நிமிடத்தில் ஒலி தேய்ந்து மறைந்தால் சந்தேகப்படுங்கள். அதே தலைப்போடு 'பாகம் 2' என்று போட்டுத் தேடுங்கள். ஏழெட்டு நிமிடம் ஓடும் பதிவு கிடைத்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் பயிற்சி

ஒரே பாட்டை நான்கு முறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கருவியை மட்டும் பின்தொடருங்கள்.

முதல் முறை பேஸ் கிடார். போன் ஸ்பீக்கரில் இது கேட்காது. ஹெட்போன் கட்டாயம். பேஸ் தொடர்ந்து வாசிக்காமல் இரண்டு மூன்று சுரம் வாசித்து நிறுத்தும், மறுபடி வாசிக்கும். அந்த வெற்றிடங்களில்தான் ஆடுபவரின் இடுப்பு அசைய இடம் கிடைக்கிறது. பேஸை வெறும் பின்னணியாக எண்ணிவிட்டால் ஆட்டம் கைகூடாது.

இரண்டாம் முறை ரிதம் கிடார். லெ வன்யிகாவில் ஒமாரி ஷபானியின் ரிதம் கிடாரைக் கேளுங்கள். அவரைப் 'புரொபசர்' என்றே அழைத்தார்கள். சுரங்களை நீட்டாமல் துண்டு துண்டாக வெட்டி வாசிப்பார். பேஸ் நிறுத்திய இடத்தில் இவர் பேசுவார், இவர் நிறுத்திய இடத்தில் பேஸ் பேசும்.

மூன்றாம் முறை சோலோ கிடார். செம்கோவில் அது ஒரு சிறு உருவைப் பிடித்து எட்டு, பதினாறு முறை அப்படியே திருப்பும். பிறகு ஒரே ஒரு சுரத்தை மாற்றும். அந்த மாற்றம் வரும்போதுதான் கூட்டம் கூவும். அலுப்பூட்டும் திரும்பச்செய்தலாகப் புதியவருக்குத் தோன்றுவது, கேட்டுப் பழகியவருக்கு எதிர்பார்ப்பு.

நான்காம் முறை குரல்கள். பல்லவியில் மேல்குரலையும் கீழ்குரலையும் பிரித்துக் கேட்டு, ஏதாவது ஒன்றை முணுமுணுத்துப் பாருங்கள்.

தாளத்துக்கு நம் சொற்கட்டே போதும். ரும்பாவின் அடிப்படைத் தட்டு பதினாறு மாத்திரையில் ஐந்து அடி விழும் ஓர் அமைப்பு. 'தகிட தகிட தகதிமி தக தகதிமி' என்று ஒரே வேகத்தில் சொல்லி, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கை தட்டுங்கள். மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு என்று மொத்தம் பதினாறு. காலால் நான்கு மாத்திரைக்கு ஒரு முறை தரையைத் தட்டிக்கொண்டே இதைச் சொல்ல வேண்டும். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கைத்தட்டுகள் காலோடு சேராமல் விலகி விழும். அந்த விலகல்தான் ரும்பா. அது வழுக்கிக் காலோடு ஒட்டிக்கொண்டால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். எல்லாப் பாடலிலும் இந்தத் தட்டு வெளிப்படையாகக் கேட்காது. ஆனால் அதன் மேல்தான் மற்றவர்கள் வாசிக்கிறார்கள்.

முதல் பாதியின் காதல்

டான்சியின் காதல் பாட்டுகளில் கொஞ்சல் குறைவு, பஞ்சாயத்து அதிகம். பாடுகிறவர் தன் வழக்கைக் கூட்டத்தின் முன் வைக்கிறார். காதலி கோபித்துக்கொண்டு போய்விட்டாள், அண்டை வீட்டார் கோள் மூட்டிவிட்டார்கள், பெற்றோர் சம்மதிக்கவில்லை, கணவன் சம்பளத்தைக் குடித்துத் தீர்க்கிறான். லெ வன்யிகாவின் 'சினா மகோசா' கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் இன்றும் மணவீடுகளில் ஒலிக்கும் பாட்டு. அதில் ஒருவன், தன்மேல் குற்றமில்லை, ஏன் என்னை வெறுக்கிறாய் என்று கேட்கிறான். அவளுக்கும் வீட்டில் ஆள் உண்டு, அவனுக்கும் உண்டு. சிக்கலான வழக்குதான். அதை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாடி ஆடுகிறார்கள். உலகப்புகழ் பெற்ற 'மலைக்கா'வும் பரிசப்பணம் இல்லாததால் திருமணம் செய்ய முடியாதவனின் ஏக்கம்தான்.

சோகமான வரிகளுக்கு எப்படி ஆடுகிறார்கள் என்று வியக்க வேண்டாம். வழக்கை முதல் பாதியில் எல்லோரும் பொறுமையாகக் கேட்டுவிட்டார்கள். தனி ஒருவரின் துக்கம் கூட்டத்துக்குப் பொதுவாகிவிட்டது. அதற்குப் பிறகு வரும் ஆட்டத்துக்கு அதனால்தான் அத்தனை கனம். முதல் பாதியைத் தாண்டிக் குதித்து நேராக செம்கோவுக்குப் போகிறவர்களுக்கு வேகம் கிடைக்கும். இந்த மகிழ்ச்சி கிடைக்காது.

பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரிந்தாலே பாட்டு எதைப் பற்றியது என்று ஊகிக்கலாம். மபென்ஸி காதல். ம்பென்ஸி காதலர், இருபாலருக்கும் பொது. மோயோ நெஞ்சு. விவு பொறாமை. ஃபிட்டினா கோள், சூழ்ச்சி. மஹரி பரிசம். வஸாஸி பெற்றோர். ஜிரானி அண்டை வீட்டார். பருவா கடிதம். தலாக்கா மணவிலக்கு. நிசமெஹே, மன்னித்துவிடு. ஷிடா துன்பம். ஃபுராஹா மகிழ்ச்சி. ஸ்வாஹிலியில் அழுத்தம் ஏறக்குறைய எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். மபென்ஸியில் 'பென்', ஃபுராஹாவில் 'ரா'. இந்த ஒரு விதியை மட்டும் பின்பற்றினால் பல்லவியோடு சேர்ந்து பாடும்போது சொற்கள் தாளத்தில் தானே உட்காரும். அழுத்தம் தவறினால் மெட்டே நொண்டும்.

பாடல்களில் 'மஃபும்போ', அதாவது மறைபொருள், நிறைய உண்டு. ஒரு மரத்தையோ பறவையையோ பற்றிய வரி முதலாளியைப் பற்றியதாகவோ போட்டிக் குழுவைப் பற்றியதாகவோ இருக்கலாம். முழுப்பொருளையும் முதல் நாளே பிடித்துவிட வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம்.

ஆட்டம்: அடி அடியாக

இடம்: இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் போதும். செருப்பு: அடிப்பகுதி வழுவழுப்பான தோல் செருப்போ ஷூவோ நல்லது. ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொள்ளும். பாதம் நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பும்போது முழங்காலில் வலி வரும். வீட்டுக்குள் என்றால் வெறுங்காலே சிறந்தது.

1. பாதங்களுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டு நில்லுங்கள். இரண்டு முழங்காலும் லேசாக மடங்கியிருக்கட்டும். குனிந்து பார்த்தால் கால்விரல் நுனி தெரிய வேண்டும், அதற்குமேல் மடக்க வேண்டாம்.

2. ஒன்று: வலது காலை ஒரு பாத அகலம் பக்கவாட்டில் வையுங்கள். இரண்டு: இடது காலை அதோடு சேருங்கள். மூன்று: வலது காலை மறுபடி பக்கவாட்டில். நான்கு: இடது காலின் முன்பகுதியால் தரையைத் தொட்டு மட்டும் வையுங்கள், எடையைக் கொடுக்காதீர்கள். அடுத்த நான்கு எண்ணிக்கை இடதுபுறமாக. ஐந்து நிமிடம் இதையே செய்யுங்கள்.

3. இப்போது இடுப்பு. இடுப்பைத் தனியே அசைக்க முயலாதீர்கள். எடை வலது காலுக்கு வரும்போது வலது முழங்கால் ஏறக்குறைய நேராகட்டும், இடது முழங்கால் மடங்கட்டும். இடுப்பு தானாக வலப்புறம் சாயும். அசைவைச் செய்வது முழங்கால்தான். முதுகை வளைத்து இடுப்பைத் தள்ளினால் பார்க்கவும் நன்றாக இராது, மறுநாள் கீழ்முதுகும் பிடித்துக்கொள்ளும்.

4. முதல் பாதியில் தோளும் தலையும் அமைதியாக இருக்கட்டும். முழங்கை இடுப்பு உயரத்தில். நம் ஊர்க் கல்யாண ஆட்டத்தில் கை மேலே போவது வழக்கம். இங்கே முதல் பாதியில் கை கீழேயே இருக்கும்.

5. ஜோடியாக ஆடுவதென்றால் முதல் பாதியில் நெருங்கி, ஒருவர் கை மற்றவர் முதுகில். அடிகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சுழற்றல், வளைத்தல் எதுவும் தேவையில்லை. பேசிக்கொண்டே ஆடக்கூடிய வேகம் இது. ஆட்டக் கூடங்களில் பெண்கள் பெண்களோடும், தனியாளாகவும், குழுவாகவும் ஆடுவது சாதாரணம். துணை இல்லை என்று ஓரத்தில் நிற்க வேண்டாம்.

6. சேர்விடம் வந்ததும் பிரிந்து நில்லுங்கள். அடி இன்னும் சிறிதாகட்டும், முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்கட்டும். முதலில் இரண்டு தாள அடிக்கு ஒரு முறை மட்டும் அசையுங்கள். நான்கு எண்ணிக்கையில் இடுப்பு ஒரு வட்டம்: வலம், முன், இடம், பின். வட்டம் சீரானதும் அதையே இரண்டு எண்ணிக்கையில் முடியுங்கள். நேரடி நிகழ்ச்சியில் செம்கோ பத்து நிமிடம்கூட நீளும். தொடக்கத்திலேயே முழு வேகத்தில் இறங்கினால் நல்ல பகுதி வரும்போது உங்களிடம் மூச்சு இருக்காது.

7. கூடத்தில் பெரும்பாலும் வரிசை உருவாகும். ஒருவர் ஓர் அடியைக் கண்டுபிடிப்பார், பின்னால் நிற்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். வரிசையின் கடைசியில் சேர்ந்து, உங்களுக்கு முன்னால் நிற்பவரின் காலைப் பாருங்கள். மேடையில் ஆடும் 'வனெங்குவாஜி'யைப் பார்த்துச் செய்ய முயலாதீர்கள். அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள். அந்த இடுப்பு வேகம் பல ஆண்டுப் பயிற்சியில் வருவது.

வழக்கமான குறை இன்னொன்று உண்டு: புதியவர்கள் சோலோ கிடாருக்கு ஆடுகிறார்கள். கால் பேஸுக்கு உரியது. கிடார் எவ்வளவு துடித்தாலும் கால் பேஸோடு இருக்கட்டும். கிடாருக்கு ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் தோளையோ தலையையோ கொடுங்கள்.

பெங்கா

விக்டோரியா ஏரிக்கரையில் வாழும் லூவோ மக்களின் இசை இது. கென்யாவின் மேற்கில் தோன்றி, கிக்குயு, கம்பா உள்ளிட்ட பல மொழிகளுக்குப் பரவியது. இதன் வேர் 'ந்யாட்டிட்டி' என்ற எட்டு நரம்பு யாழில் இருக்கிறது. வாசிப்பவர் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, கருவியைத் தரையில் சாய்த்து வைத்துக்கொள்வார். காலில் கட்டிய 'கரா' சதங்கை குலுங்கும். கால் கட்டைவிரலில் போட்ட இரும்பு வளையத்தால் கருவியின் சட்டத்தைத் தட்டுவார். நரம்பு, சதங்கை, இரும்பு மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வரும். அதை மின்கிடாரிலும் பேஸிலும் டிரம்மிலும் பிரித்துக் கொடுத்ததுபோல இருக்கும் பெங்கா. ஒரு ந்யாட்டிட்டிப் பதிவையும் டி. ஓ. மிசியானியின் ஷிராட்டி ஜாஸ் பதிவு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் இது விளங்கும்.

கேட்க வேண்டியது: பாடகர் பாடிய வரியைக் கிடார் உடனே திருப்பிச் சொல்லும். குரல் ஓய்ந்ததும் கிடார்களும் பேஸும் பாய்ந்து முன்னே வரும். ரும்பாவின் சாய்வு இதில் இல்லை. 'தகதிமி தகதிமி' என்று நேராக ஓடும். ஆடும்போது எடையைப் பாதத்தின் முன்பகுதியில் வைத்து, மிகச் சிறிய அடிகளில், தோளையும் சேர்த்து ஆடுங்கள். இங்கே தோளுக்கு முழு அனுமதி உண்டு.

லூவோ நிகழ்ச்சிகளில் 'பக்ருவோக்' என்றொரு வழக்கம். கூட்டத்தில் ஒருவர் இசையை நிறுத்தச் சொல்லிப் பணம் கொடுத்து, தன்னையோ தன் நண்பரையோ காதலியையோ புகழ்ந்து சில வரிகள் சொல்வார். பிறகு இசை தொடரும். நடுவில் சட்டென்று இசை நின்றால் கைதட்டி விட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

சகாச்சாவும் கங்காவும்

கென்யாவின் மொம்பாசா, லாமு கரைகளில் பெண்கள் திருமணங்களில் ஆடும் ஆட்டம் சகாச்சா. பிற்காலத்தில் மொம்பாசாவின் தெம் மஷ்ரூம்ஸ் போன்ற குழுக்கள் அதை மின்கருவிகளுக்குக் கொண்டுவந்தன. தாளம் ஆறு மாத்திரை. 'தகிட தகிட' என்று சொல்லி, ஒவ்வொரு 'த'வுக்கும் கால் வையுங்கள். பிறகு அதே ஆறு மாத்திரையில் ஒன்று, மூன்று, ஐந்தில் கை தட்டுங்கள். கால் இரண்டு, கை மூன்று. இது பிடிபட்டதும் கையை விட்டுவிட்டு அந்த மூன்றை இடுப்புக்கு மாற்றுங்கள். ஒரு வாரமாவது ஆகும். அவசரப்பட வேண்டாம்.

இடுப்பில் கங்கா துணியைக் கட்டிக்கொள்வது அழகுக்கு மட்டுமல்ல, அசைவு சரியாக வருகிறதா என்று ஆடுபவருக்கே தெரியும். கங்கா ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் அகலம். ஜோடியாகவே விற்பார்கள். நீளவாக்கில் மடித்து, இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் முடிச்சிடுங்கள். வயிற்றில் கட்டினால் இரண்டு நிமிடத்தில் மேலேறிவிடும். ஒவ்வொரு கங்காவிலும் ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருக்கும். அது அன்பு சொல்வதாக இருக்கலாம், எதிர்வீட்டுக்காரியைக் குத்துவதாகவும் இருக்கலாம். என்ன எழுதியிருக்கிறது என்று கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மணப்பெண்ணின் முன்னால் பொறாமை பற்றிய வாசகத்தைக் கட்டிக்கொண்டு ஆடினால் அது வேறு விதமாக எடுத்துக்கொள்ளப்படும்.

தாரப் அரங்கில்

தான்சானியாவின் சான்சிபார் தீவின் தாரப் முதன்மையாக உட்கார்ந்து கேட்கும் இசை. கானூன், ஊது (இரண்டும் அரபு நரம்புக் கருவிகள்), வயலின்கள், அக்கார்டியன், டபுள் பேஸ், தும்பக் மேளம் என்று அரபு வாத்தியக் குழு, பாடுவது ஸ்வாஹிலிக் கவிதை. இக்வானி சஃபா மன்றம் 1905இலிருந்து இருக்கிறது. கல்ச்சர் மியூசிக்கல் கிளப் 1958இல் தொடங்கியது. ஸ்வாஹிலித் தாரப்பை இசைத்தட்டுக்குக் கொண்டுபோன பாடகி சிட்டி பின்ட்டி சாத் 1928இல் பதிவு செய்ய வந்தது பம்பாய்க்கு. இந்தத் தொடர்பு இங்கே முடிந்துவிடவில்லை. மொம்பாசாவின் பாடகர் ஜுமா பாலோ பல பாடல்களுக்கு இந்திப்பட மெட்டுகளை எடுத்துக்கொண்டார். பழைய இந்திப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் தாரப்புக்குள் நுழைய அவர் நல்ல வாசல். ஆடுவதற்கென்றே கேட்பவர்கள் சிறிய குழுவாக வாசிக்கும் 'கிடும்பக்'கைத் தேடுங்கள்.

நேரில் கேட்க எளிய வழி, பிப்ரவரியில் சான்சிபாரின் கல்நகரில் (ஸ்டோன் டவுன்) நடக்கும் 'சௌட்டி ஸா புசாரா' விழா. 2004இலிருந்து நடக்கிறது. முக்கிய மேடை பழைய கோட்டைக்குள். தாரப், டான்சி, தான்சானியாவின் புதிய பாப் இசையான போங்கோ ஃபிளேவா எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தார் எஸ் சலாமில் டான்சி நிகழ்ச்சிகள் வார இறுதி இரவுகளில், அறிவித்த நேரத்துக்குப் பின்தான் சூடுபிடிக்கும். சீக்கிரம் போனால் முன்னால் இடம் கிடைக்கும், குழு தயாராவதைப் பார்க்கலாம். சான்சிபாரில் தோளும் முழங்காலும் மூடிய உடை அணியுங்கள்.

தாரப் அரங்கில் ஆட்டம் என்பது 'குட்டூசா', பாடகிக்குப் பணம் கொடுக்கப் போகும் நடை. கேட்டுக்கொண்டிருக்கும் பெண் ஒரு வரி நெஞ்சில் தைத்ததும் எழுந்து, பணத்தாளை உயர்த்திப் பிடித்தபடி மெல்ல ஆடிக்கொண்டு மேடைக்குப் போவார். எந்த வரியில் எழுந்தார் என்பதைக் கூட்டமே கவனிக்கும். அந்த வரி தன் கதை என்று அவர் சொல்கிறார், அல்லது அரங்கில் உட்கார்ந்திருக்கும் யாருக்கோ அது பொருந்தும் என்கிறார். அதனால் புதியவர்களுக்குச் சில குறிப்புகள். பொருள் தெரியாத வரியில் எழாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இது எதைப் பற்றிய பாட்டு என்று முதலில் கேளுங்கள். வாழ்த்து, காதல், நன்றி என்றால் பல்லவி திரும்பி வரும்போது போகலாம். போகும்போது யாரையும் பார்த்துக் கை நீட்டாதீர்கள், கண்ணையும் பாடகி மேலேயே வையுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் ஷில்லிங் தாள்களை முன்னரே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மேடைக்குப் போய் மீதிச் சில்லறை கேட்க முடியாது. தாளைக் கசக்காமல் வலது கையால் கொடுங்கள். நடை முழுக்கத் தாளத்தில் இருக்கட்டும், பத்து அடி தூரத்துக்கு ஒரு முழுப் பல்லவி எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. கொடுத்ததும் அதே நடையில் பக்கவாட்டில் விலகி இடத்துக்குத் திரும்பிவிடுங்கள். பின்னால் இன்னும் நான்கு பேர் தாளை உயர்த்திக்கொண்டு வந்துகொண்டிருப்பார்கள்.